ஏவியவளா, இயற்றியவளா?

மூன்றாம் வேற்றுமையைப் பாடம் நடத்தும்போது கருத்தா இரண்டு வகை என்று சொல்லித் தருவோம். ஒன்று இயற்றுதற் கருத்தா, மற்றது ஏவுதற் கருத்தா. தச்சனால் கட்டில் செய்யப்பட்டது என்றால் உளியைப் பிடித்தவன் தச்சன். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்றால் கரிகாலன் கல் சுமக்கவில்லை, சுமக்க வைத்தான். இரண்டு இடத்திலும் 'ஆல்' என்ற ஒரே உருபுதான். செய்தது யார், செய்யச் சொன்னது யார் என்பதை உருபு சொல்லாது. வாசிப்பவரின் உலக அறிவுதான் சொல்லும். கரிகாலன் அரசன் என்பது தெரியும், அதனால் ஏவினான் என்கிறோம். அந்த உருபுக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் இருந்து, அவளைப் பற்றி வேறெதுவும் தெரியாதபோது என்ன சொல்வோம்?

பிரான்சின் கிழக்கெல்லையில், ரைன் நதிக்கு அருகிலுள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பேராலயத்தின் தெற்கு வாசலில் அப்படி ஒரு பெயர் இருந்தது. வாசலின் இருபுறமும் திருத்தூதர்களின் சிலைகள் நின்றன. அவர்களில் யோவான் கையில் பிடித்திருந்த கல்லோலையில் இலத்தீனில் ஒரு வாசகம். சிலையே பேசுவதுபோல் அமைந்தது அது. சவினா என்பவளுக்கு இறைவனின் அருள் துணை நிற்கட்டும், கடினமான கல்லிலிருந்து தான் உருவம் பெற்றது அவளால் என்பது அதன் சாரம். 'அவளால்' என்ற இடத்தில் இலத்தீனில் உள்ள சொல்லுக்கு 'அவள் வழியாக', 'அவள் மூலமாக' என்றும் பொருள் கொள்ளலாம். சவினா உளி பிடித்த சிற்பியா, பணம் கொடுத்துச் சிலையைச் செய்வித்த புரவலரா? அந்த ஒற்றை வாசகத்தைச் சுற்றி நான்கு நூற்றாண்டுகளாகக் கதையும் ஆய்வும் வளர்ந்திருக்கின்றன. பெண்ணின் வரலாற்றை எழுத உட்காரும் நாம் எல்லோரும் என்றாவது எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

*

பேராலயத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். 1015இல் ஆயர் வெர்னர் காலத்தில் தொடங்கிய பழைய கட்டடம் தீ விபத்துகளில் சிதைந்தபின், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணி வந்து சேர்ந்தது. மேற்கு முகப்பின் வேலை 1277இல் தொடங்கியது. வடக்குக் கோபுரத்தின் கூர்முனை 1439இல் முடிந்தது. தெற்குக் கோபுரம் கட்டப்படவே இல்லை. அதனால் முகப்பு இன்றும் ஒற்றைக் கொம்போடு நிற்கிறது. உயரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். கல் முழுவதும் வோஜ் மலையின் செந்நிற மணற்கல். காலையில் மங்கிய செங்கல் நிறமாகவும் மாலையில் வெந்த சதையின் நிறமாகவும் அது மாறுவதை எதிரே இருந்த தெருவில் நின்று பார்த்தேன்.

இந்தப் பேராலயத்தின் பெயர் நோத்ர் தாம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மாதா கோயில். கட்டுமானத்துக்குப் பணம் சேர்த்து, கொத்தரை அமர்த்தி, கணக்கெழுதிய நிறுவனத்தின் பெயர் ஊவ்ர் நோத்ர் தாம், அதாவது 'மாதா திருப்பணி'. 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. பேராலயத்தின் கல்வேலையை இன்றும் அதுதான் பார்க்கிறது. கோயில் பெண்ணின் பெயரில், திருப்பணி பெண்ணின் பெயரில், வாசலெங்கும் பெண்ணுருவங்கள். ஆனால் தலைமைக் கொத்தர்களின் வரிசையைப் பார்த்தால் எர்வின், யோஹன்னஸ், உல்ரிஷ், மீண்டும் யோஹன்னஸ் என்று போகிறது. இடைக்காலப் பட்டியலில் ஒரு பெண்பெயரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சவினா நுழைகிறாள்.

கதை இப்படி வளர்ந்தது. மேற்கு முகப்போடு பெயர் சேர்த்துப் பேசப்படும் பெருங்கொத்தர் எர்வின் ஃபோன் ஸ்டைன்பாக். சவினா, அதாவது சபினா, அவருடைய மகள். தகப்பனிடம் சிற்பம் கற்றாள். தெற்கு வாசலின் அழகிய சிலைகளெல்லாம் அவள் கைவண்ணம். 'கடினக் கல்' என்று இலத்தீனில் வருவது உண்மையில் ஸ்டைன்பாக் என்ற குடும்பப் பெயரின் மொழிபெயர்ப்பு. 'ஸ்டைன்' என்றால் ஜெர்மனில் கல்தானே?

கல்தான். ஆனால் 'பாக்' என்றால் ஓடை. கல்லோடையை இலத்தீனில் பெயர்த்தால் ஓடை எங்கே போனது? அதைவிடப் பெரிய சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. தெற்கு வாசலின் சிலைகள் சுமார் 1225க்கும் 1235க்கும் இடையில் செதுக்கப்பட்டவை. எர்வின் இறந்தது 1318இல். அவர் பெயர் ஆவணங்களில் தலைகாட்டுவதே 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். மகள் சிலை செய்து முடித்த அரை நூற்றாண்டுக்குப் பிறகு தகப்பன் வேலைக்கு வருகிறார். இந்தக் கணக்கு எந்தக் குடும்பத்திலும் ஒத்துவராது.

எர்வினின் குடும்பத்தைப் பற்றி நமக்கு நேரடிச் சான்று ஒன்று உண்டு. பேராலயத்தை ஒட்டிய சிறு முற்றத்தில், தாங்குசுவர் ஒன்றில் பொறிக்கப்பட்ட இறப்புக் குறிப்பு அது. மூன்று பெயர்கள் இருக்கின்றன: எர்வின், அவர் மகன் யோஹன்னஸ், இருவருக்கும் முன்பாக 1316இல் இறந்த எர்வினின் மனைவி ஹூசா. மகள் பெயர் அதில் இல்லை. அந்த ஹூசாவைப் பற்றி யாரும் காவியம் பாடவில்லை, ஓவியம் தீட்டவில்லை. இருந்தாளா என்பதே உறுதியில்லாத மகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் சிலை எழுந்தது. ஃபிலிப் கிராஸ் என்ற சிற்பி செதுக்கிய சபினாவின் உருவம் இன்று தெற்கு வாசலில் நிற்கிறது, தகப்பனின் சிலைக்குத் துணையாக. 1844இல் மோரிட்ஸ் ஃபோன் ஷ்விண்ட் அவளை ஓவியமாக்கினார்.

*

பெண் சிற்பி ஒருத்தி இருந்தாள் என்று ஆண்கள் எழுதிய கதை ஒப்புக்கொள்கிறதே, மகிழ வேண்டியதுதானே என்று கேட்கலாம். முன்னோடிகளும் அப்படித்தான் மகிழ்ந்தார்கள். 1859இல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் எல்லெட் எல்லாக் காலங்களிலும் நாடுகளிலும் இருந்த பெண் கலைஞர்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். சபினா அதில் இடம்பெற்றாள். பெண்ணால் கலை படைக்க முடியாது என்று கல்விக்கூடங்கள் கதவடைத்திருந்த காலம் அது. ஒரு முன்னோடியின் பெயர் கிடைப்பது அன்று எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தக் கதை சவினாவுக்கு எதைக் கொடுத்து எதை எடுத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். கல்வெட்டில் சவினா யாருடைய மகளும் அல்ல, யாருடைய மனைவியும் அல்ல. இடைக்காலக் கல்லில் உறவுமுறை அடைமொழி இல்லாமல் தனியாக நிற்கும் ஒரு பெண்பெயர் அது. கதை அவளுக்கு உளியைக் கொடுத்தது. கூடவே ஒரு தகப்பனையும் கட்டிவைத்தது. அவள் திறமைக்கு அவரே ஊற்றுக்கண் ஆனார். கல்வெட்டில் இருந்த தனிமையின் கம்பீரம் போயிற்று.

எர்வினின் கதையும் இதே பட்டறையில் வார்க்கப்பட்டதுதான். ஸ்ட்ராஸ்பர்க்கில் சட்டம் படித்த இளைஞர் கெதே, 1772இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பேராலயத்தை எர்வின் என்ற ஒரு மேதையின் மனத்திலிருந்து பிறந்ததாகக் கொண்டாடினார். நானூறு ஆண்டுகளுக்கு மேல், தலைமுறை தலைமுறையாகப் பலர் கட்டிய கட்டடம் ஒற்றை ஆணின் படைப்பாயிற்று. மேதை என்ற கருத்தாக்கம் வந்ததும் அவருக்கு வாரிசு தேவைப்பட்டது. மகள் அந்த வாரிசு. சபினாவின் கதை பெண் சிற்பியைக் கொண்டாடுவதைவிட எர்வினின் குடும்பத்தையே அதிகம் கொண்டாடுகிறது.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சவினாவைப் புரவலர் என்றே கருதுகிறார்கள். சிலையைச் செய்வித்தவள், தன் ஆன்மாவுக்காக வேண்டுதல் கேட்டவள். முதன்முதலில் இதைப் படிக்கும் மாணவிகளின் முகம் வாடும். சிற்பி இல்லையா, வெறும் பணம் கொடுத்தவள்தானா? அந்த 'வெறும்' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். கரிகாலனை நாம் யாரும் வெறும் ஏவியவன் என்று சொல்வதில்லை. ஏவுதற் கருத்தா ஆணாக இருந்தால் அது புகழ். பெண்ணாக இருந்தால் அது ஏமாற்றமா?

பணம் கொடுத்தவர்களைப் பற்றி ஸ்ட்ராஸ்பர்க் அளவுக்குச் சொல்லக்கூடிய நகரங்கள் குறைவு. மாதா திருப்பணியின் கொடையாளர் ஏடு இன்றும் இருக்கிறது. சுமார் 1320 முதல் 1521 வரை இருநூறு ஆண்டுகள், ஏறத்தாழ 7000 பதிவுகள். பிரபுக்கள், வணிகர்கள், கைவினைஞர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், கைம்பெண்கள். பணம் கொடுத்தவர்கள் உண்டு. பணம் இல்லாதவர்கள் பொருளைக் கொடுத்தார்கள். நகை, படைக்கலம், குதிரை வரை வந்தன. உடுத்திய உடுப்பைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அது விற்கப்பட்டுக் கல்லாகியது. இறந்தவர் பெயரை நாள்வாரியாக எழுதி, அந்நாளில் அவருக்காக வேண்டிக்கொள்வது வழக்கம். அந்தக் கூர்முனையை அண்ணாந்து பார்த்தபோது, குளிர்தேசத்தில் ஒரு பெண் தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஏட்டிலும் ஏறாதவர்கள் உண்டு. இடைக்கால ஐரோப்பாவின் கட்டுமானக் கணக்கேடுகள் பலவற்றில் சுண்ணாம்பும் கல்லும் தண்ணீரும் சுமந்த பெண்களுக்குக் கொடுத்த கூலி பதிவாகியிருக்கிறது. ஆண்களின் கூலியைவிடக் குறைவாக, பெரும்பாலும் பெயரில்லாமல். நம் ஊர்க் கட்டட வேலையில் சித்தாள் என்கிறோமே, அவள்தான் அங்கும். கொத்தனார் இயற்றினார், அரசன் ஏவினான்; சித்தாளுக்கு நம் இலக்கணமும் தனியாக ஒரு கருத்தாவை ஒதுக்கவில்லை.

தலைமைப் பொறுப்பில் ஒரு பெண்ணின் பெயரைக் காண 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்பரா ஷோக் வெர்னர் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் 15ஆம் நூற்றாண்டுக் கட்டுமானத்தை. 1999இல் அவர் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் தலைமைக் கட்டடப் பொறுப்பை ஏற்றார். 1248இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தப் பேராலயத்தில் அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 2012 வரை பணியாற்றினார். எர்வினின் பேராலயத்தைக் கற்றுத் தேர்ந்த மகள் ஒருத்தி உண்மையிலேயே வந்தாள். தகப்பன் வழியாக வராமல் ஆவணக் காப்பகத்தின் வழியாக வந்தாள்.

*

தெற்கு வாசலில் சவினாவின் யோவான் இன்று இல்லை. 1793இல், பிரெஞ்சுப் புரட்சியின் தீவிர நாட்களில், பேராலயத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட சிலைகள் உடைத்து எறியப்பட்டன. கூர்முனையே சமத்துவத்துக்கு எதிரானது, இடித்துத் தள்ள வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதன் உச்சியில் தகரத்தாலான பெரிய செந்நிறப் புரட்சித் தொப்பியை மாட்டிக் காப்பாற்றினார்கள். இயற்கை அறிவியல் பேராசிரியர் ஜான் ஹெர்மான் சில சிலைகளைத் தாவரவியல் தோட்டத்தில் மறைத்துவைத்தார். திருத்தூதர்கள் தப்பவில்லை. 1617இல் பேராலயத்தைப் பற்றி ஒசேயாஸ் ஷாடேயுஸ் வெளியிட்ட நூலிலுள்ள செப்புத்தகட்டுப் படத்தில்தான் அவர்கள் இன்று வரிசையாக நிற்கிறார்கள்.

தப்பியவற்றில் இரண்டு, வாசலின் இருபக்கமும் எதிரெதிரே நின்ற பெண் சிலைகள். மூலச்சிலைகள் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாசலில் நிற்பவை பிரதிகள். நண்பகல் கழிந்து 12.30க்கு உள்ளே வானியல் கடிகாரத்தில் திருத்தூதர் பொம்மைகள் கிறிஸ்துவின் முன் வலம் வரும். 1842இல் ஷ்வில்கே அமைத்த அந்தக் கடிகாரத்தைப் பார்க்க இந்த வாசலில்தான் கூட்டம் நிற்கிறது. நானும் நின்றேன். கைபேசியில் நேரம் பார்த்தபடி நின்ற யாரும் தலைக்கு மேலிருந்த அந்த இரண்டு பெண்களையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடப்பக்கம் எக்ளேசியா, அதாவது திருச்சபை. தலையில் முடி, ஒரு கையில் சிலுவைக்கொடி, மறுகையில் திருக்கிண்ணம், நேர்கொண்ட பார்வை. வலப்பக்கம் சினகோகா, யூத மதம். கண்கள் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன. கையிலுள்ள ஈட்டி பல இடங்களில் முறிந்திருக்கிறது. திருச்சட்டப் பலகை விரல்களிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. முகம் திரும்பியிருக்கிறது. எக்ளேசியா அவளையே பார்க்கிறாள். அவள் பார்க்க மறுக்கிறாள், அல்லது பார்க்க முடியவில்லை.

அருங்காட்சியகத்தில் சினகோகாவின் அருகில் வெகுநேரம் நின்றேன். கண்ணைக் கட்டிய துணி மிக மெல்லியது. அதன் அடியில் இமைகளின் வளைவு தெரியும்படி செதுக்கியிருக்கிறான் சிற்பி. சிற்பியின் கை அவளை வெறுக்கவில்லை என்று எனக்குப் பட்டது. இடுப்பு ஒசிந்து, மெல்லாடை உடலோடு ஒட்டி, இருவரில் கண்ணை ஈர்ப்பவள் தோற்றவள்தான். அந்த அழகே என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு மக்கள்கூட்டத்தின் மீதான தீர்ப்பைச் சொல்ல இரண்டு பெண்ணுடல்கள் தேவைப்பட்டிருக்கின்றன. வென்றவளும் பெண், வீழ்ந்தவளும் பெண். தீர்ப்புச் சொன்னவர்கள் சிலையில் இல்லை.

இந்தச் சிலைகள் வாசலில் நின்று ஒரு நூற்றாண்டு கழிந்தபின், கொள்ளைநோய் ஐரோப்பாவை அழித்துக்கொண்டு வந்தது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி நோய்க்கு முன்னால் ஓடிவந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் அப்போது நோய் இன்னும் நுழையவே இல்லை. யூதர்களைக் காக்க முயன்ற நகர மன்றத்தைத் தொழிற்குழுக்கள் கவிழ்த்தன. 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்கள் அவர்களுடைய சொந்த இடுகாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மரமேடையில் எரிக்கப்பட்டார்கள். அக்கால வரலாற்றுக் குறிப்பு சுமார் 2000 பேர் என்கிறது. எண்ணிக்கையைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகள் சிலர் பெற்றோரின் விருப்பத்துக்கு எதிராகத் தீயிலிருந்து இழுக்கப்பட்டுத் திருமுழுக்குக் கொடுக்கப்பட்டார்கள். யூதர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடன்கள் செல்லாதவை ஆயின. அவர்களின் பணத்தைத் தொழிற்குழுக்கள் பங்கிட்டுக்கொண்டன. மனம் உறுத்திய சிலர் பாவமன்னிப்புக் கேட்ட குருவின் அறிவுரைப்படி தங்கள் பங்கை மாதா திருப்பணிக்குக் கொடுத்தார்கள் என்றும் குறிப்பு சொல்கிறது.

அந்த நூற்றாண்டின் இறுதியில் யூதர்கள் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிறகு பகலில் வரலாம், இரவு தங்கக் கூடாது. மாலையானதும் அவர்களை வெளியேற்ற ஒரு கொம்பு ஊதப்பட்டது. ஊதிய இடம் இதே பேராலயத்தின் கோபுரம். பிரெஞ்சுப் புரட்சி வரை அந்தக் கொம்பு ஒலித்தது.

சினகோகாவின் சிலைதான் நெருப்பை மூட்டியது என்று நான் சொல்லவில்லை. கல் யாரையும் கொல்வதில்லை. ஆனால் நகரத்தின் வழக்குகள் பேசப்பட்ட வாசலில், தோற்றவள் குருடி என்று நூறாண்டு சொல்லிக்கொண்டிருந்தால், காதுக்கு அது பழகிவிடும். கொடையாளர் ஏட்டின் பெண்களை எண்ணி நெகிழ்ந்த எனக்கு, அதே உண்டியலில் 1349இன் பணமும் விழுந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருந்தது. பெண் கட்டியதில் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையும் கலந்திருக்கிறது. எரிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் மாதாவின் ஏட்டில் இல்லை.

மேற்கு முகப்பில் பத்துக் கன்னியர் நிற்கிறார்கள். அங்கும் இதே இரட்டைக் கணக்குதான்: விவேகிகள் ஐவர், பேதைகள் ஐவர். பேதைகளின் பக்கம் முடிசூடிய இளைஞன் ஆப்பிளை நீட்டிச் சிரிக்கிறான். அவன் முதுகில் பாம்பும் தேரையும் ஊர்கின்றன. அடுத்து நிற்பவள் பதிலுக்குச் சிரிக்கிறாள். விளக்கு அவள் காலடியில் கவிழ்ந்து கிடக்கிறது. மயக்கியவனுக்கு முதுகில்தான் பாம்பு. முன்னால் நின்று பார்ப்பவருக்கு அவன் அழகன். தண்டனை என்னவோ சிரித்தவளுக்கு.

*

கற்பெண்கள் இத்தனை பேர் நிற்கும் இடத்தில் உயிருள்ள பெண் ஒருத்தி வாய் திறந்தது 16ஆம் நூற்றாண்டில். காதரீனா ஷூட்ஸ் இந்நகரத்துக் கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தவர். பேராலயத்தின் போதகர் மத்தேயுஸ் ஸெல், லூத்தரின் சீர்திருத்தக் கருத்துகளைப் பேசியவர். அவருக்குக் கல்மேடை மறுக்கப்பட்டபோது தச்சர்கள் மரமேடை செய்துகொடுத்தார்கள். 1523 டிசம்பரில் காதரீனா அவரை மணந்தார். குருவானவர் மணம் செய்வது பெரும் குற்றம். அவர் மீதும் மணம் செய்த மற்ற குருக்கள் மீதும் ஆயர் சபைநீக்கம் விதித்தார். ஊரெங்கும் அவதூறு. 1524இல் காதரீனா பேனா எடுத்தார். குருக்களின் திருமணத்தை ஆதரித்துத் தன் பெயரிலேயே அச்சிட்டு வெளியிட்டார். குருமார் வைப்பாட்டி வைத்துக்கொள்ள அபராதம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் திருச்சபை, மனைவி என்று சொன்னால் கொதிப்பது ஏன் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று.

அதே ஆண்டில், மதச் சீர்திருத்தத்தை ஆதரித்ததற்காகக் கென்ட்ஸிங்கன் ஊரிலிருந்து விரட்டப்பட்ட ஆண்கள் ஸ்ட்ராஸ்பர்க் வந்தபோது, அவர்களில் எண்பது பேரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். ஊரில் தனித்துவிடப்பட்ட அவர்களின் மனைவியருக்கு ஆறுதல் மடல் எழுதினார். அடுத்த ஆண்டு உழவர் போரில் அகதிகள் ஆயிரக்கணக்கில் நகருக்குள் வந்தபோது அவர்களுக்கு உணவும் இடமும் ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர். 1548 ஜனவரியில் கணவர் இறந்தார். அடக்கத்தின்போது கூடியிருந்த மக்கள் முன் காதரீனா பேசினார். பெண் போதிப்பதா என்ற முணுமுணுப்பு எழும் என்பது அவருக்குத் தெரியும். போதகரின் இடத்தைத் தான் பிடிக்கவில்லை, உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்களிடம் கொண்டுசென்ற மகதலா மரியாளைப் போலத்தான் தானும் என்றார்.

இதைப் படித்தபின் தெற்கு வாசலின் இடப்பக்கக் கதவுக்கு மேலுள்ள புடைப்புச் சிற்பம் எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. மாதா இறந்துகிடக்கும் காட்சி. கட்டிலைச் சுற்றித் திருத்தூதர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அத்தனை ஆண்களுக்கும் முன்னால், கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு பெண் கைகளைப் பிசைந்துகொண்டு குந்தியிருக்கிறாள். அவளை மகதலா மரியாள் என்கிறார்கள். நம் இழவு வீடுகளில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு அவளை அடையாளம் காண எந்த நூலும் வேண்டாம். இதுவும் சவினாவின் கை என்று பழைய கதை சொல்லும். கதை பொய்தான். ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றியதற்கு அந்தக் கைப்பிசைவு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

*

சவினாவுக்கு முந்தைய தலைமுறையில், ஸ்ட்ராஸ்பர்க்குக்குத் தென்மேற்கே ஹோஹன்பர்க் மலையிலிருந்த பெண்துறவியர் மடத்தில் ஹெர்ராட் என்ற மடத்தலைவி இருந்தார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தன் மடத்துப் பெண்களுக்காக ஒரு பெருநூலைத் தொகுத்தார். இறையியல், வானியல், தத்துவம், கவிதை, நூற்றுக்கணக்கான வண்ண ஓவியங்கள். 'இன்பத் தோட்டம்' என்று அதற்குப் பெயர். பெண்ணொருத்தி பெண்களுக்காக உருவாக்கிய கலைக்களஞ்சியம். ஏவியவளும் அவளே, இயற்றியவளும் அவளே. ஐயத்துக்கு இடமில்லாத கருத்தா.

அந்த நூலிலும் சிலுவைக் காட்சி ஓவியத்தில் எக்ளேசியாவும் சினகோகாவும் இருக்கிறார்கள். சினகோகா அங்கே கழுதைமேல் அமர்ந்திருக்கிறாள். பெண் தொகுத்தாள் என்பதற்காக அந்தப் படம் மாறிவிடவில்லை. முன்னோடிகளைத் தேடிப் போகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் கண்டெடுக்க வேண்டும்.

1870இல் பிரஷ்யா தலைமையிலான படைகள் ஸ்ட்ராஸ்பர்க்கை முற்றுகையிட்டபோது, ஆகஸ்ட் 24 இரவு நகர நூலகம் குண்டுவீச்சில் எரிந்தது. ஹெர்ராடின் மூலச்சுவடி அதில் சாம்பலானது. மறுநாள் இரவு பேராலயத்தின் கூரையும் பற்றியது. கூரையை மறுபடி வேய்ந்துவிட்டார்கள். நூலை நாம் இன்று அறிவது, அதற்கு முன்பே 1818இல் எங்கல்ஹார்ட் என்பவர் படங்களைப் படியெடுத்து வெளியிட்டதாலும், பிறகு வேறு சிலரும் படியெடுத்து வைத்திருந்ததாலும்தான். சவினாவின் யோவானைச் செப்புத்தகடு காத்தது. ஹெர்ராடின் தோட்டத்தைப் படியெடுத்த தாள் காத்தது. நம் ஓலைச்சுவடிகளின் கதையை அறிந்தவர்களுக்கு, படியெடுத்த கை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவணக் காப்பகங்களுக்குப் போங்கள், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பாட்டிமாரின் கணக்குநோட்டைப் படம்பிடித்து வையுங்கள் என்று மாணவிகளிடம் ஒவ்வோர் ஆண்டும் நான் நச்சரிப்பது இதனால்தான்.

அந்தப் படிகளில் மிஞ்சிய கடைசி ஓவியம் ஒன்று உண்டு. மடத்துப் பெண்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள், ஏறத்தாழ அறுபது பேர், அதே முக்காடு, ஏறக்குறைய ஒரே முகம். ஓவியத்தில் அவர்களை வேறுபடுத்திக் காட்ட ஹெர்ராட் முயலவில்லை. அவர்களைத் தனித்தனியாக நிறுத்துவது எழுத்துத்தான்: ஒவ்வொருத்தியின் தலைக்கு மேலும் அவளுடைய பெயர்.